முதுகுக்கு ஏற்ற சட்டம்

(சங்கத்தின் ஆண்டுக் கூடலில், மாலை அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் இயற்பியல் துறையின் முன்னாள் மாணவர். ஒடுகத்தூரில் இரும்பு, அலுமினியப் பட்டறை நடத்துபவர்.)

அழைப்பிதழில் என் தலைப்பைப் பார்த்துவிட்டு, வக்கீலாக இருக்கும் நம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "என்னப்பா, சட்டம்னு போட்டிருக்கே, அது என் இலாகா ஆச்சே" என்றார். இல்லீங்க, இது இந்தியத் தண்டனைச் சட்டமும் இல்லை, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதுச் சட்டமும் இல்லை. போட்டோவுக்குப் போடுகிறோமே சட்டம், சைக்கிளுக்கு பிரேம் என்கிறோமே, அந்தச் சட்டம். மலை ஏறுகிறவர்கள் முதுகில் மாட்டும் பைக்கு உள்ளேயோ வெளியேயோ ஒரு சட்டம் இருக்கும். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பேச்சு முடிகிறபோது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறேன். அதனால் தலைவர் அவர்கள் பாதியில் எழுந்து போய்விடக் கூடாது.

எங்கள் ஊரும் சுமையும்

ஒடுகத்தூர் வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்தில் உத்திரகாவேரி ஓடுகிறது. மழை பெய்தால் ஓடுகிறது என்று திருத்திக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. மலையிலிருந்து ஆடு வரும், சாமை வரும், புளி, தேன், பலா, சீத்தாப்பழம் எல்லாம் வரும். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதில் பெரும்பங்கு மனிதர் தலையிலும் தோளிலும் தான் இறங்கி வந்தது. திரும்பிப் போகும்போது உப்பு, மண்ணெண்ணெய், துணி என்று அதே தலையில் ஏறிப் போகும்.

இப்போது பல ஊர்களுக்குச் சாலை வந்துவிட்டது. ஜீப்பும் பைக்கும் ஓடுகின்றன. ஆனால் எல்லாக் குக்கிராமத்துக்கும் வரவில்லை. 2023 மே மாதம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை சரியில்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது தாமதமாகி, அந்தக் குழந்தை இறந்துபோனது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது, வண்டி மேலே போக முடியாத இடத்திலிருந்து பெற்ற தாயே உடலைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாடெங்கும் செய்தி வந்தது. இந்தப் பேச்சில் நான் சொல்லப்போகும் எந்தப் பையும் அந்தத் துயரத்துக்குப் பரிகாரம் ஆகாது. அதற்குச் சாலைதான் வேண்டும், மருந்துதான் வேண்டும். ஆனால் எங்கள் மலையில் "சுமப்பது" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு மேலே கேளுங்கள். பொழுதுபோக்குக்கு மலை ஏறுகிறவர்களுக்காக மட்டும் நான் இதைப் பேசவில்லை.

தொய்ந்துபோன பை

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், வனத்துறை அனுமதி பெற்று, மலை மேல் உள்ள ஒரு சிற்றூருக்கு முகாமுக்குப் போனார்கள். வண்டி நின்ற இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் ஏற்றம். மருந்து, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், தண்ணீர், போர்வை எல்லாம் முதுகில்தான். உள்ளூர்க்காரன் என்ற முறையில் நானும் கூடப் போயிருந்தேன்.

கணிதம் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு தங்கை. இங்கே முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். உடல் எடை 45 கிலோ. தூக்கிய சுமை 9 கிலோ. அதாவது தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. ஆரோக்கியமான ஒரு ஆளுக்கு மலைநடையில் இது நியாயமான அளவுதான். பையும் புதுப்பை, விலை கொடுத்து வாங்கியது, வெறும் 640 கிராம். லேசான பை என்றுதான் வாங்கியிருக்கிறாள்.

ஒரு மணி நேரம் நடந்ததும் பை தொய்ந்துவிட்டது. உள்ளே முதுகுப் பக்கம் இருந்த பிளாஸ்டிக் தகடு வில்லாக வளைந்தது. பை பீப்பாய் மாதிரி உருண்டு, முதுகைவிட்டு விலகித் தொங்கியது. பாரம் முழுவதும் இரண்டு தோள்பட்டையில் இறங்கியது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது என்றாள். தோள் வார் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றையை அழுத்துவதால் வருவது இது. ராணுவ மருத்துவர்கள் இதற்கு 'ரக்சாக் பால்சி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் கை சில வாரம் பலம் இழந்துபோவதும் உண்டு. உடனே சுமையை இறக்கிப் பையன்கள் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. அடுத்த முகாமுக்குப் பெயர்ப்பட்டியல் போடும்போது ஒரு யோசனை வந்தது: "பெண் பிள்ளைகள் கீழேயே இருந்து பதிவு வேலையைப் பார்க்கட்டும். மேலே பையன்கள் போகட்டும்." சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் மலை மேல் இருக்கும் பெண்களிடம் அவர்கள் உடம்பைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டிய முகாம் அது. பையன் போய் நின்று கேட்டால் அந்த அம்மாக்கள் வாயைத் திறப்பார்களா? ஒரு பை சரியில்லை என்பதற்காக ஒரு முகாமே பாதி பயனற்றுப் போகவிருந்தது. "அண்ணா, எனக்குத் தூக்கத் தெம்பு இல்லைன்னு சொல்றாங்க. நிஜமாவே எனக்குத் தெம்பு இல்லையா?" என்று அந்தத் தங்கை பட்டறைக்கு வந்து கேட்டாள். "பையைக் கொண்டு வாம்மா, பார்ப்போம்" என்றேன்.

இடுப்பு எதற்கு இருக்கிறது?

நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை எங்கே வைக்கிறார்கள்? குழந்தையை எங்கே வைக்கிறார்கள்? இடுப்பில். யாரும் அவர்களுக்கு இயற்பியல் சொல்லித்தரவில்லை. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு ஒரு திண்ணை மாதிரி. அதில் வைத்த பாரம் நேராகத் தொடை எலும்பு வழியாகத் தரைக்குப் போய்விடும். தோளில் வைத்த பாரமோ முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியையும் அழுத்திக்கொண்டுதான் இறங்க வேண்டும். குடத்தில் ஒரே குறை, ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கிறது. இரண்டு பக்க இடுப்பிலும் பாரம் சமமாக உட்கார்ந்தால் அந்தக் குறையும் தீர்ந்தது.

பையின் பாரத்தை இடுப்புக்குக் கொண்டுபோக ஒரு அகலமான இடுப்பு வார் போதுமே, சட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். துணிப்பை பாரத்தைத் தள்ளாது, தொங்கத்தான் தெரியும். மேலே இருக்கும் பாரத்தைக் கீழே இடுப்பு வாருக்குக் கொண்டுசேர்க்க விறைப்பான ஒன்று நடுவில் வேண்டும். வீட்டுக்குத் தூண் மாதிரி. இடுப்பு வார் என்பது அஸ்திவாரம், சட்டம் என்பது தூண். தூண் இல்லாமல் அஸ்திவாரம் மட்டும் போட்டு என்ன பயன்? கடையில் விற்கும் லேசான பைகள் பலவற்றில் இடுப்பு வார் அழகாக இருக்கும், தூண் இருக்காது. ஆறேழு கிலோ வரை தெரியாது. அதற்குமேல் போனால் பல்லிளித்துவிடும்.

இரண்டாவது விஷயம் நெம்புகோல். வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் எளிது, கையை நீட்டிப் பிடித்தால் கஷ்டம். பை தொய்ந்தால் பாரத்தின் மையம் முதுகைவிட்டுப் பின்னால் போகிறது. 12 சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய மையம் 20 சென்டிமீட்டருக்குப் போனால், அதே 9 கிலோ உங்களைப் பின்னால் இழுக்கும் திருப்புவிசை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். அதை ஈடுகட்ட முன்னால் குனிந்து நடப்பீர்கள். இடுப்பு வலி அங்கேதான் பிறக்கிறது.

சட்டத்தின் சரித்திரம்

இந்தச் சட்டம் புதுசு ஒன்றும் இல்லை. 1991-இல் ஆஸ்திரிய, இத்தாலிய எல்லைப் பனிமலையில் ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. 'ஓட்ஸி' என்று பெயர் வைத்தார்கள். அவனோடு ஆங்கில 'யு' எழுத்தைப்போல வளைத்த ஒரு மரக்கொம்பும் இரண்டு பலகைத் துண்டுகளும் கிடந்தன. அவன் முதுகில் மாட்டிய சுமைச் சட்டம் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொரியாவில் 'ஜிகே' என்று ஒரு மரச்சட்டம். அதன் கூடவே ஒரு கவைக்கோல் இருக்கும். களைத்தால் கோலை முட்டுக்கொடுத்துச் சுமையோடு சட்டத்தை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து இளைப்பாறலாம்.

நார்வேயில் ஓலே பெர்கன் என்பவர் முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைந்த சட்டம் போட்ட பைக்கு 1909-இல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் டிக் கெல்டி என்பவர் 1950-களின் தொடக்கத்தில் அலுமினியக் குழாயில் சட்டம் செய்து, இடுப்பு வாரும் சேர்த்து, தன் வீட்டிலிருந்தே விற்கத் தொடங்கினார். அவரும் நண்பரும் மலையில் நடந்தபோது, மரச்சட்டத்தின் அடிமுனைகளை ஜீன்ஸ் பின்பாக்கெட்டில் செருகிப் பார்த்தார்களாம். தோள் பாரம் சட்டென்று இடுப்புக்கு இறங்கிவிட்டது. அதிலிருந்துதான் இடுப்பு வார் யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1967-இல் கிரெக் லோ என்பவர் சட்டத்தைப் பைக்கு உள்ளே வைத்தார். இன்று கடையில் பார்க்கும் பெரும்பாலான மலைப்பைகள் அந்த வழியில் வந்தவை.

நம் நாட்டுச் சேதியும் உண்டு. காவடி என்பது பழனிக்கு மட்டும் சொந்தமானது இல்லை. பாரத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துத் தோளில் வைக்கும் கருவி. தலைச்சுமைக்குச் சும்மாடு. வழியெல்லாம் சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன கர்ப்பிணிப் பெண்களின் நினைவாக அதை நட்டுவைக்கும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. அதன் உயரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? யார் துணையும் இல்லாமல் தலைச்சுமையை நகர்த்தி வைக்கலாம், அப்படியே திரும்பத் தலைக்கு வாங்கலாம். சுமப்பதைவிட இறக்கி ஏற்றுவதுதான் கஷ்டம் என்று தெரிந்தவர்கள் வைத்த அளவு அது.

நாங்கள் செய்தது

இனிப் பட்டறைக்கு வருவோம். தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, முதுகை அளப்பது. ஆள் உயரத்தை அளந்து பிரயோஜனம் இல்லை. ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு முதுகு நீளம் வேறாக இருக்கும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும்; அது மேல்புள்ளி. இரண்டு கையையும் இடுப்பெலும்பு மேட்டில் வைத்து, கட்டைவிரல் இரண்டும் பின்னால் முதுகெலும்பை நோக்கும்படி பிடித்தால், அந்தக் கோடு கீழ்ப்புள்ளி. இரண்டுக்கும் நடுவே டேப் வைத்து அளக்க வேண்டும். தங்கைக்கு 41 சென்டிமீட்டர் வந்தது. பையை அளந்தால் அது 48 சென்டிமீட்டர் முதுகுக்குச் செய்தது. அப்படியானால் இடுப்பு வார் எங்கே உட்காரும்? இடுப்பெலும்புக்குக் கீழே, தொடை மடிப்பில். இந்த ஒரு அளவு சொல்லிவிட்டது, குறை தெம்பில் இல்லை என்று.

இரண்டாவது, சட்டத்துக்குப் பொருள். பழைய இரும்புக் கடையில் அந்தக் காலத்து டிவி ஆண்டெனா கிடந்தது. மொட்டை மாடியில் ஏறி நின்று "இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா" என்று கத்திய தலைமுறைக்கு அது ஞாபகம் இருக்கும். அரை அங்குல அலுமினியக் குழாய், சுவர்க்கனம் 1.2 மில்லிமீட்டர். குழாய்க்குப் பதில் கம்பி போடக்கூடாதா என்று என் பட்டறைப் பையன் கேட்டான். இதே எடையில் கெட்டிக் கம்பி எடுத்தால் ஏழரை மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். வளைவதை எதிர்க்கும் விறைப்பில் குழாய் அதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. மூங்கிலும் எலும்பும் உள்ளே வெற்றிடமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

குழாயை 'யு' வடிவத்தில் வளைத்தோம். நெட்டுக்கால் இரண்டும் 55 சென்டிமீட்டர், மேலே அகலம் 28. சும்மா வளைத்தால் குழாய் நசுங்கி மடிந்துவிடும். நன்றாகக் காய்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்து, ஒரு உருளையைச் சுற்றி மெதுவாக வளைக்க வேண்டும். அப்புறம் நெட்டுக்காலுக்கு, இடுப்புக்கு மேலே உள்வாங்கித் தோள்பக்கம் வெளிவாங்கும் அந்த மெல்லிய வளைவைக் கொடுத்தோம். அந்தத் தங்கையையே சுவரோரம் நிற்கவைத்து, அட்டையில் வளைவை வரைந்து வெட்டி, அதை அச்சாக வைத்துக்கொண்டோம்.

குறுக்கே 26 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு. ஒன்று இடுப்பு மட்டத்தில், ஒன்று தோள் மட்டத்தில். இவை பின்பக்கம் சற்று வளைந்திருக்க வேண்டும். இல்லையேல் குழாய் முதுகெலும்பில் இடிக்கும். மூலைகளில் துளை போட்டு ஆணி அடிக்கவில்லை. துளை போட்ட இடத்தில்தான் மெல்லிய குழாய் முதலில் முறியும். பந்தல் போடுகிறவர்கள் கட்டுகிற கட்டு இருக்கிறதே, அதே கட்டை நைலான் கயிற்றால் போட்டோம். சட்டம் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், ஆனால் பிரியாது. நடக்கிற உடம்புக்கு அந்த அசைவு வேண்டியதுதான்.

முதுகு படும் இடத்துக்குக் கயிற்றுக் கட்டில் பின்னல். கட்டிலின் கால்மாட்டில் கயிற்றை இழுத்துக் கட்டித் தொய்வை எடுப்போம் இல்லையா, அதே ஏற்பாட்டை அடிக் குறுக்குக்குழாயில் வைத்தோம். தொய்ந்தால் இரண்டு நிமிஷத்தில் இழுத்துக்கட்டலாம். முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்று போகும். நம் வெயிலுக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

இடுப்பு வாருக்கு, ஷூவுக்கு உள்ளே போடும் இவிஏ ஷீட்டை இரண்டடுக்கு வைத்தோம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா தைத்துக்கொடுத்தார். பட்டை சட்டத்தோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போடணும், அப்போதான் இழுத்தால் பிய்யாது என்று அவராகவே சொன்னார். நம் பகுதித் தோல் தொழில் கற்றுக்கொடுத்த வித்தை அது. தோள் வாரை 41 சென்டிமீட்டருக்கு ஏற்ற உயரத்தில் சட்டத்தில் கட்டி, அதன் மேல்பக்கத்திலிருந்து சட்டத்தின் உச்சிக்குச் சாய்வாக ஒரு சிறு இழுவைப் பட்டை கொடுத்தோம். அதை இழுத்தால் பை முதுகோடு ஒட்டும்.

எடைக் கணக்கு

கணக்குப் பாருங்கள். பை 640 கிராம். பழைய பிளாஸ்டிக் தகட்டை எடுத்ததில் 120 கிராம் போச்சு. புதிதாகக் குழாய் 222, இடுப்பு வார் 170, கயிறு 40, பக்கிள் முதலியவை 30. மொத்தம் 982 கிராம். அதாவது 342 கிராம் கூடிவிட்டது.

பரிசோதனைக்கு மலைக்குப் போகவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒன்பது லிட்டரைப் பாட்டில்களில் நிரப்பி, கனமானவை முதுகோடு ஒட்டி நடு உயரத்தில் வரும்படி அடுக்கினோம். நம் கல்லூரி மாடிப்படியில் அரை மணி நேரம் ஏறி இறங்கச் சொன்னோம். மூன்று விஷயம் பார்த்தோம். தோள் வாருக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறதா? இடுப்பு வார் எலும்பு மேட்டை விட்டு நழுவுகிறதா? தனியாகவே இறக்கி, தனியாகவே மாட்ட முடிகிறதா? மூன்றும் சரியாக வந்தது. "அண்ணா, தண்ணியைக் குறைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். 342 கிராம் கூடிய பை அவளுக்கு லேசாகத் தெரிந்தது. விளம்பரத்தில் கிராம் கணக்கைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: தராசு காட்டுவது பையின் எடையை, உடம்பு உணர்வது அது எங்கே உட்கார்கிறது என்பதை.

அடுத்த முகாமில் அவள் 9 கிலோவோடு மேலே போனாள். கூட நான்கு பெண்கள் போனார்கள். மலையில் பெண்கள் தனியாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

சட்டம் வேண்டாத இடம்

எல்லாப் பைக்கும் சட்டம் கட்டிக்கொண்டு அலையாதீர்கள். ஒருநாள் நடைக்கு ஐந்து கிலோ தூக்குகிறவருக்குச் சட்டம் தண்டம். பாய் விரிப்பை மடித்து முதுகுப் பக்கம் வைத்தாலே போதும். பாறையில் தொற்றி ஏறுகிற இடத்திலும் வெளிச்சட்டம் ஆகாது. பாரம் ஆடி ஆளைத் தள்ளும். அங்கே உள்சட்டப் பைதான் சரி. எங்கள் மலையில் உண்ணிச்செடிப் புதர் அதிகம். அதனால்தான் அகலத்தை 28 சென்டிமீட்டரில் நிறுத்தி, உயரம் தலைக்குமேல் போகாமல் வைத்தோம். இல்லாவிட்டால் ஆளைவிட்டுச் சட்டம் மட்டும் புதரில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

அலுமினியம் கிடைக்காதவர்கள் மூங்கில் கடையில் வாங்கிய முற்றிய மூங்கிலை 20 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனத்தில் சீவிக்கொள்ளலாம். இதே நீளத்துக்கு எடை ஏறக்குறைய 160 கிராம்தான் வரும். தணலில் வாட்டி வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தால் உளுத்துப்போகாது. காட்டில் வெட்டாதீர்கள், காப்புக்காட்டில் ஒரு கழி வெட்டினாலும் குற்றம். அப்போது நிஜமாகவே வக்கீல் நண்பரிடம் போக வேண்டிவரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு மலைவாசிகளிடம் போய், "இப்படித்தான் சுமக்கணும்" என்று பாடம் எடுக்கக் கூடாது. நேபாளச் சுமைதூக்கிகளை ஆராய்ந்து 2005-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. கூடையை முதுகில் வைத்து, அதன் பட்டையை நெற்றியில் மாட்டி நடக்கிறவர்கள் அவர்கள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம், பெண்கள் 66 சதவீதம் சுமக்கிறார்கள். முதுகுப்பை மாட்டிய ஐரோப்பியர்களைவிடக் குறைந்த சக்தியில் சுமக்கிறார்கள் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து பழகிய கழுத்து அது. நமக்கு அந்தக் கழுத்து இல்லை, அதனால் நமக்குச் சட்டம் வேண்டியிருக்கிறது. எங்கள் மலைக்காரர்களும் அப்படித்தான். அவர்கள் கேட்டால் செய்துகொடுப்போம். கேட்காவிட்டால் அவர்கள் நடையைப் பார்த்து நாம் கற்றுக்கொள்வோம்: சின்ன அடி, நிதானம், அடிக்கடி நின்று ஒரு மூச்சு.

ஒரு வேண்டுகோள்

சங்கத்துக்கு என் வேண்டுகோள் சிறியது. ஆண்டுதோறும் நாம் நினைவுப் பரிசு கொடுக்கிறோம், சால்வை போடுகிறோம். நல்லதுதான். இந்த ஆண்டு அதோடு சேர்த்து, நாட்டு நலப்பணித் திட்ட அறைக்குப் பத்துச் சட்டங்கள் செய்து வைப்போம். தோள் வாரை மேலும் கீழும் நகர்த்திக் கட்டும்படி செய்தால், 38 முதல் 50 சென்டிமீட்டர் வரை எந்த முதுகுக்கும் பொருந்தும். என் செலவில் குழாயும் பட்டறையும். தையலுக்கு அந்த அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கூலி சங்கம் கொடுக்க வேண்டும், இலவசமாகக் கேட்கக் கூடாது. வளைப்பதும் கட்டுவதும் மாணவர்கள் வேலை. இரண்டு சனிக்கிழமை போதும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. முகாமுக்குப் பெயர் எழுதும் முன் எல்லாருடைய முதுகையும் டேப் வைத்து அளந்து, நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆணோ பெண்ணோ, குட்டையோ நெட்டையோ, "உன்னால் முடியாது" என்று சொல்வதற்கு முன் அவர் முதுகில் இருக்கும் பை அவருக்குச் செய்ததுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் நிலையில் இருக்கும் நம் நண்பர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கும் இதையே சொல்லிக்கொள்கிறேன்.

சட்டம் கட்ட வருகிறவர்கள் அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒடுகத்தூர் வந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம்; சந்தை நாள், ஊருக்குள் ஆட்டைத் தாண்டி ஆள் நுழைய முடியாது.